ஏழாம் சோடி

புத்தூர்
2024 மார்ச் 4

பற்றரிக்கடை றியாஸ் என்பவருக்கு,

கையெழுத்தைப் பார்த்து உமக்கு என்னைத் தெரியாது. நான் பால்காரத் தவநேசனின் மனைவி உதயகலா. உம்முடைய கடையில் வாங்கிய சைக்கிள் பின்லைற்றை நம்பி, விடியப்புறம் பால் கொண்டுபோகையில் வல்லை வெளியில் மணல் ரிப்பர் லொறிக்குக் கீழே போனாரே, அந்தத் தவநேசன்தான். பெப்ரவரி ஒன்பதாம் திகதி. உமக்கு அது மறந்திருக்கலாம்.

உம்முடைய ரெலிபோனுக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை. உம்மைப் பார்க்க வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் நின்றது. சார்ச்சர் வந்த புதுப்பெட்டியில் கடை விலாசம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். உம்மை வெட்டினான் என்று என் தம்பி கஜீவனைப் பிடித்து மறியலில் அடைத்திருக்கிறார்கள். வருகிற இருபத்தாறாம் திகதி நீதவான் கோட்டில் ஆள் அடையாளம் காட்டும் அணிவகுப்பு. ஹெல்மற்றின் கண்ணாடியைத் தூக்கி அவன் உம்மோடு கதைத்தான், நீர் முகத்தைப் பார்த்தீர் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். நீர் அவனைக் காட்டக் கூடாது. அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. நான்தான் தூக்கி வளர்த்தேன். மனுசனையும் தின்றுவிட்டு என் தம்பியையும் தின்னப் பார்க்கிறீரோ?

பின்லைற் எரியவில்லை, ஆள் தெரியவில்லை என்று ரிப்பர்காரன் மரண விசாரணையில் சொன்னான். எரியாத பற்றரியை விற்றது நீர். செத்தவீட்டில் பெட்டிக்கு மேலே விழுந்து, "உந்தக் கடைக்காரன்தான் என்ரை மனுசனைக் கொன்றவன்" என்று கத்தியது நான்தான். சனம் முழுக்கக் கேட்டது. கஜீவனும் கேட்டான். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவனுடைய சிநேகிதப் பெடியள் வெளியில்தான் திரிகிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சொல்ல வைக்க வேண்டாம்.

உதயகலா

*

சோனகதெரு, யாழ்ப்பாணம்
2024 மார்ச் 9

திருமதி தவநேசன் அவர்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு நாலு நாள் போயிற்று. எழுத்து சின்னப் பிள்ளையுடையது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கை இனி எழுதாது.

என்ன நடந்ததென்று உங்கள் தம்பி உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன். பின்னேரம் நாலேகால். கடையில் நானும் என் மனைவி ஜிஹானாவும் மட்டும். ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இயந்திரத்தை நிறுத்தாமல் வெளியில் நின்றான். மற்றவன் உள்ளே வந்து கண்ணாடியைத் தூக்கி, "நீதானே தவநேசனுக்கு லைற் வித்தனி?" என்று கேட்டான். ஓம் என்றேன். வாடிக்கையாளர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் ஓம் என்றேன். முதல் வெட்டு தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினேன். மூன்று விரல் பற்றரித் தட்டுக்குள் விழுந்தது. நான் கீழே கிடக்கும்போது கண்ணாடி அலுமாரியை உடைத்தான். "புத்தளத்துக்கு ஓடடா" என்று கத்திவிட்டுப் போனான்.

ஜிஹானா பற்றரிகளுக்கு நடுவே கிடந்த விரல்களைப் பொறுக்கி ஐஸ் பைக்குள் போட்டுக் கொண்டு ஓடி வந்தாள். ஒன்றைப் பொருத்தினார்கள். மற்ற இரண்டும் பிடிக்கவில்லை. அந்தத் தட்டை அவள் இன்னும் கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கணவரை ஏற்றியது ரிப்பர். ஓட்டியவன் பிணையில் வந்து திரும்பவும் அதே வல்லை வெளியால் மணல் ஏற்றுகிறான். உங்கள் தம்பி ஏன் அவனிடம் போகவில்லை? நான் சொல்லட்டுமா? ரிப்பர் முதலாளிக்குப் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். என் பின்னால் என் உம்மா மட்டும்தான். அதுதான் வீரம்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சார்ச் பண்ணிப் பாவிக்கும் பற்றரியைச் சோடியாகத்தான் விற்பேன். வீட்டில் வேறொன்றோடு கலந்தால் பெலமில்லாதது மற்றதையும் கெடுக்கும். அதனால் ஜிஹானாவின் சிவப்பு நகப்பூச்சால் இரண்டிலும் ஒரே இலக்கம் போட்டுக் கொடுப்பேன். உங்கள் கணவருக்குக் கொடுத்தது ஏழாம் சோடி. பொலிஸ் சைக்கிளைத் திருப்பித் தந்திருப்பார்கள். லைற்றைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஏழா? அதை மட்டும் எழுதுங்கள். என்னை ஏன் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

இருபத்தாறாம் திகதியைப் பற்றி நான் உங்களுக்கு ஒரு வாக்கும் தர மாட்டேன். பெடியளை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். இடது கை இன்னும் இருக்கிறது.

மு. றியாஸ்

*

புத்தூர்
2024 மார்ச் 13

றியாஸ் என்பவருக்கு,

மூன்று நாளைக்கு முன்னர்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. வீடு கழுவின ஈரம் காய்வதற்கு முதல் உம்முடைய கடிதம் வந்து நிற்கிறது.

விரலுக்கு நான் அழ மாட்டேன். என் மனுசனைச் சாக்கில் அள்ளினார்கள். முகத்தில் ஒரு பக்கம் இல்லை. பால்கான் தட்டையாகிக் கிடந்தது, ரோட்டில் பாலும் இரத்தமும் ஒன்றாக ஓடியது. நான் அதற்குள் முழங்காலில் இருந்தேன். உமக்கு மூன்று விரல். கணக்குச் சரியில்லையே என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. இப்படி எழுதுவது பிழை என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

லைற்றைத் திறந்து பார்த்தேன். ஏழும் இல்லை, எட்டும் இல்லை. உறை சுருங்கி, மூலையில் பிரிந்து, அதிலிருந்த எழுத்தும் மங்கிப் போய்க் கிடக்கிறது. ஒரு மாதம் பாவித்த பற்றரி நல்லதென்றால் அப்படியா சுருங்கும்? நீரே சொல்லும். ஏதோ கழிவுச் சாமானுக்குப் புது உறை போட்டு என் மனுசனின் தலையில் கட்டியிருக்கிறீர். அந்தாள் உம்மை நம்பி, "நல்ல பெடியன், தராசிலை நிறுத்துக் காட்டித் தந்தவன்" என்று வீட்டுக்கு வந்து புகழ்ந்தார்.

கஜீவனை மறியலில் வேறு வழக்குக்காரர் இரண்டு பேர் பிடித்து அடித்திருக்கிறார்கள். உதடு கிழிந்து, ஒரு பல்லும் போய்விட்டது. பார்க்கப் போனேன். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, நான் உனக்காகத்தான் செய்தனான்" என்றான். எனக்காக.

அவனைக் காட்ட வேண்டாம்.

உதயகலா

*

சோனகதெரு
2024 மார்ச் 16

உதயகலா அக்கா,

அக்கா என்று எழுதுவது மரியாதைக்காக. அன்பென்று நினைக்க வேண்டாம். கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் குத்தினேன். காயமிருக்கிற கையால் குத்தியதில் தையல் விட்டு இரத்தம் வந்தது.

உறை சுருங்கிப் பிரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சார்ச்சரில் போட்டால் பற்றரி இளஞ்சூடாகும், உறை சுருங்காது. அது வேறு எங்கோ சூடு பட்டிருக்கிறது. எங்கே? அடுப்பங்கரையிலா? ஏழு இல்லை என்று எழுதினீர்கள். எழுத்து மங்கியிருக்கிறது என்றும் எழுதினீர்கள். இரண்டில் எது உண்மை? நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்.

உங்கள் கணவர் தை மாதம் வந்தபோது கையில் வேறு கடையில் வாங்கிய ஒரு சோடி வைத்திருந்தார். உறையில் சார்ச் பிடிக்கும் அளவு மூவாயிரத்து அறுநூறு என்று பொன்னிறத்தில் அடித்திருந்தது. என்னுடையதில் இரண்டாயிரம்தான். "உன்ரை ஏன் தம்பி குறைவு?" என்று கேட்டார். இரண்டையும் தராசில் வைத்தேன். மூவாயிரத்து அறுநூறு, என்னுடையதன் பாதிப் பாரமும் இல்லை. உறையில் எந்த எண்ணையும் எவனும் அடிக்கலாம், பாரத்தை அடிக்க முடியாது என்று காட்டினேன். சுவர் மணிக்கூட்டுக்கும் ரீவீ றிமோற்றுக்கும் சாதாரணப் பற்றரி போதும், அதற்கு இதை வீணாக்காதீர்கள் என்றேன். நாள்தோறும் எரிகிற சைக்கிள் லைற்றுக்குத்தான் இது. ஒருமுறை நிறைத்தால் கிழமைக்கணக்கில் நிற்கும். முழுதாக நிறைத்த சோடியைத்தான் அவர் கையில் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன். சாதாரணப் பற்றரி சாகும்போது வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி அறிவித்தல் தரும். இது தராது. கடைசிவரை பளிச்சென்று எரிந்துவிட்டுச் சடாரென்று நிற்கும். அதனால் கிழமைக்கு ஒருமுறை சார்ச்சரில் போடவேண்டும்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அந்தச் சோடியைச் சார்ச்சரில் முழு நாள் போட்டு லைற்றை எரிய விடுங்கள். எவ்வளவு நேரம் எரிகிறது என்று எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்தில் செத்தால் நான் கள்ளன். இருபத்தாறாம் திகதி உங்கள் தம்பியைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவேன். அல்லாஹ்மேல் ஆணை.

நேற்றுக் கடைக் கதவுக்குக் கல் எறிந்திருக்கிறார்கள். உங்கள் பெடியளோ வேறு ஆரோ. உம்மா பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறா. தொண்ணூறில் சோனகரையெல்லாம் ஊரை விட்டுப் புத்தளத்துக்குத் துரத்தியபோது எனக்கு ஏழு வயது, அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இந்த முறை பையைப் பிரியுங்கோ என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

றியாஸ்

*

புத்தூர்
2024 மார்ச் 21

றியாஸ் தம்பிக்கு,

லைற் மூன்று நாளாக எரிகிறது. அணைக்க எனக்குக் கை வரவில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், சிவப்பாக எரிந்துகொண்டிருக்கிறது.

ஏழு இருக்கிறது. முதல் நாளே பார்த்தேன், இரண்டிலும் இருந்தது. பொய் எழுதினேன்.

சார்ச்சரை இந்தக் கிழமைதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதுவரை அது ஒட்டு உடைக்காத பெட்டிக்குள் அலுமாரியின் மேல் கிடந்தது. நான் அந்தப் பற்றரிகளைச் சார்ச்சரில் போடவே இல்லை. வெயிலில் வைத்தேன்.

சிரிக்க வேண்டாம். தடை நேரம் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்போது இங்கே இல்லை. அரசாங்கம் பற்றரி கொண்டுவர விடாத சண்டைக்காலம். முடிந்துபோன பற்றரியை அம்மா சுளகில் மிளகாயோடு வெயிலில் காய வைப்பா. பின்னேரம் ரேடியோ கொஞ்ச நேரம் கதைக்கும். வெயில் பட்டால் பற்றரிக்கு உயிர் வரும் என்பது என் எலும்புக்குள் இருக்கிற விசயம். உங்கள் பற்றரியையும் மாட்டுக்கொட்டில் தகரத்தின் மேல் நாள்தோறும் வைத்தேன். நாள்தோறும் எரிந்தது. நீங்கள் நிறைத்துத் தந்த சார்ச்சில்தான் அத்தனை நாளும் எரிந்தது என்று இப்போது விளங்குகிறது. அப்போது வெயில்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கும் நான்தான் பற்றரியைப் போட்டுக் கொடுத்தேன். போட்டதும் பளிச்சென்று எரிந்தது. "சார்ச் கிடக்கோ?" என்று கேட்டார். "நேற்று முழுக்க நல்ல வெயில், போங்கோ" என்றேன். அதுதான் நான் அந்தாளோடு கடைசியாகக் கதைத்தது. செத்தவீட்டில் கத்தும்போதே மனதுக்குள் ஒரு மூலையில் அந்தத் தகரம் வந்து நின்றது, தம்பி. அதை மூடத்தான் உங்கள் பெயரைச் சொல்லிப் பலத்துக் கத்தினேன். கஜீவன் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் வாளைப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

ஒன்று மட்டும் கேட்க இருக்கிறது. சார்ச்சரில் போடுவோமா என்று வாங்கி வந்த அன்றைக்கே அவரைக் கேட்டேன். "வெயிலிலை வைச்சாலும் ஏறுமாம், கடைக்காரப் பெடியனே சொன்னவன்" என்றார். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா? இதை நான் பொலிசுக்கும் சொல்லவில்லை, கஜீவனுக்கும் சொல்லவில்லை. இல்லை என்று எழுதினால் நம்புவேன்.

இருபத்தாறாம் திகதி பற்றிக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் அவன் என் பிள்ளை மாதிரி. காட்டாதீர்கள் என்று திரும்பவும் கேட்கிறேன்.

உதயகலா அக்கா

*

சோனகதெரு
2024 மார்ச் 26

அக்கா,

கோட்டிலிருந்து வந்தவுடன் எழுதுகிறேன். சோறு போட்டு வைத்திருக்கிறார்கள், ஆறட்டும்.

ஓம். நான் சொன்னேன்.

அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் தராசு, பாரம் என்று பெரிய வாத்தியார் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தடை நேரம் நாங்கள் வெயிலிலை வைச்சுத்தான் ரேடியோ கேட்டனாங்கள். உந்தப் பற்றரியையும் வைக்கலாமோ?" என்றார். "வையுங்கோ அண்ணை, சூரியன் கரண்ட் பில் அனுப்பாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். பகிடி விளங்கிவிட்டது என்று நினைத்து அடுத்த ஆளுக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டேன். உங்கள் கடிதம் வரும்வரை அது என் நினைவிலேயே இல்லை. நான் வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது, ஒரு குற்றமும் செய்யாத என்னை வெட்டிவிட்டார்கள் என்றுதான் அல்லாஹ்விடம் முறையிட்டேன்.

மூன்று நாளாக இதை வைத்துக்கொண்டு நித்திரை இல்லை. ஜிஹானாவிடம் சொன்னேன். அவள் என் கைக்கட்டை மாற்றினாள்.

இன்றைக்குப் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தினார்கள். கஜீவன் ஐந்தாவது. உதடு இன்னும் வீங்கியிருக்கிறது. ஆளைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். வலது கையைத்தான் நீட்டினேன், வேண்டுமென்றுதான். காட்ட விரல் இல்லை. உள்ளங்கையை அவன் தோளில் வைத்தேன். அவன் வெட்டிய அதே பக்கத் தோள். பிள்ளை நடுங்கினான். என்னை வெட்டும்போது அவன் நடுங்கவில்லை.

உங்களுக்கு இது கொடுமையாக இருக்கும். இருக்கட்டும். பகிடி விட்டது என் வாய். அதற்காக நீங்கள் என்னைக் கூப்பிட்டு எங்கே நிறுத்தினாலும் வந்து நிற்பேன், கோட்டிலும் கேட்டால் மறைக்க மாட்டேன். ஆனால் வாளைத் தூக்கியது அவன் கை. நான் இன்றைக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால், அடுத்த செத்தவீட்டில் யாரோ கத்தும்போது அவன் திரும்பவும் தூக்குவான். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று திரும்பவும் சொல்லுவான். அது எனக்குப் பயம்.

உம்மா பையைப் பிரித்துவிட்டா. நாளைக்குக் கடை திறக்கிறேன். வாசலில் மட்டையொன்று தொங்க விட்டிருக்கிறேன், இடது கையால் எழுதியது: இந்தப் பற்றரியை வெயிலில் வைக்க வேண்டாம், ஏறாது. வீதியால் போகிறவர்கள் வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

றியாஸ்

*

புத்தூர்
2024 ஏப்ரல் 3

றியாஸ் தம்பி,

உங்கள் கடிதத்தை வாசித்துக் கிழித்தேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். நீங்கள் அவனைக் காட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் செய்தது பிழை என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு மாட்டுக்குப் புல்லுப் போடுகிறேன், பால் கறக்கிறேன்.

பெடியள் இரண்டு பேர் முந்தநாள் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, நீங்கள் ஓம் எண்டால் போதும், மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றார்கள். கொட்டிலில் இருந்த கத்தியை எடுத்து அவர்கள் முன்னால் நிலத்தில் போட்டேன். உந்தக் கடைப்பக்கம் போகிறவன் முதலில் என்னை வெட்டிவிட்டுப் போகட்டும் என்றேன். ஒருவன் காறித் துப்பினான். போய்விட்டார்கள். திரும்பி வரமாட்டார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கள்.

நேற்று மறியலுக்குப் போனேன். கஜீவனுக்குத் தகரத்தைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன், ஒட்டு உடைக்காத பெட்டியைச் சொன்னேன், மூன்று நாள் எரிந்த லைற்றைச் சொன்னேன். நீங்கள் விட்ட பகிடியைச் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் தான் வெட்டியது சரியென்று அவன் பிடித்துக்கொள்வான். அது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

முதலில் அவன் நம்பவில்லை. அந்தக் கடைக்காரனைக் காப்பாற்றப் பொய் சொல்லுறாய் என்று வலைக்கம்பியில் நெற்றியால் இடித்தான். இரத்தம் வந்தது. காவலாளி வந்து பிடித்து இழுத்தான். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் பசித்தால் அப்படித்தான் பார்ப்பான்.

"அப்ப நான் ஆரையக்கா வெட்டியிருக்கோணும்?" என்று கேட்டான்.

பற்றரியைத் தகரத்தில் வைத்த இந்த வலது கையை விரித்து வலைக்கம்பியில் வைத்தேன். நேரம் முடிந்தது என்று காவலாளி சொல்லும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தொடவில்லை.

உதயகலா